நாற்பதில் நோட்டு வாங்குவோருக்கு: லால்குடியிலிருந்து பயனுள்ள குறிப்புகள்

ஜூன் பிறந்துவிட்டால் லால்குடி கடைத்தெருவில் நோட்டுக்கும் பிரவுன் அட்டைக்கும் கூட்டம் நெரியும். அத்தனையும் பிள்ளைகளுக்கு. அம்மாவுக்கென்று ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கும் வீடு அபூர்வம். திருச்சி மாவட்டத்தில் பெரியவர்கள் படிக்க வழி ஏராளம். பாதிக்கு மேல் இலவசம் அல்லது மிகக் குறைந்த கட்டணம். ஆனாலும் சேர்ந்தவர்களில் பலர் நடுவில் நின்றுவிடுகிறார்கள். பாடம் புரியாமல் நின்றவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. பஸ் நேரம், சான்றிதழில் ஒரு இனிஷியல், தை மாத அறுவடை என்று ஏதோ ஒன்று காலை வாரியிருக்கும். அதனால் இந்தக் குறிப்புகளில் பாடத்தைவிட வீடுதான் அதிகம் வரும்.

1. எந்தக் கோர்ஸ் என்று யோசிப்பதற்கு முன்னால் ஒரு வாரம் வீட்டு நேரத்தைக் குறித்து வையுங்கள். கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் போதும். யாரும் உங்களைக் கூப்பிடாத நேரம் எது என்பதை மட்டும் எழுதுங்கள். காலை பதினொன்றிலிருந்து மூன்று வரை கை ஓய்கிறது என்றால் நேரடி வகுப்புக்குப் போகலாம். ராத்திரி ஒன்பதுக்கு மேல்தான் என்றால் தொலைநிலைப் படிப்பு. விடுமுறை நாள் ஒன்றுதான் கிடைக்கும் என்றால், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தொலைதூரக் கல்வியில் நடத்தும் ஆறு மாதச் சான்றிதழ்ப் படிப்புகளை விசாரியுங்கள். பாடம் தமிழில் இருக்கும். காளான், பழம் காய்கறி பதப்படுத்துதல் என்று வீட்டுக்குத் தோதான தலைப்புகள் கிடைக்கும். நேரம் பார்க்காமல் சேர்வது, அளவு எடுக்காமல் ஜாக்கெட் தைக்கக் கொடுப்பது மாதிரி.

2. வயல் உள்ள வீடா? காலண்டரோடு வாய்க்காலையும் பாருங்கள். புள்ளம்பாடி வாய்க்காலில் வழக்கமாக ஆகஸ்ட் தொடக்கத்தில் தண்ணீர் திறப்பார்கள். தட்டச்சு அரசுத் தேர்வுகள் வருடத்துக்கு இரண்டு முறை, பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் வரும். ஒன்று நடவு வேலையோடு மோதும். மற்றது சம்பா அறுவடையின் கடைசியோடு மோதும். உங்கள் வீட்டில் எந்த வேலைக்கு ஆள் வைத்துச் சமாளிக்க முடியும் என்று முன்பே பேசி, அந்தப் பருவத்துக்கு மட்டும் பணம் கட்டுங்கள். கட்டிவிட்டு ‘பார்த்துக்கலாம்’ என்றால் பெரும்பாலும் கட்டணம்தான் போகும்.

3. இனிஷியல். கல்யாணமான பெண்கள் பாதிப் பேருக்கு இங்கேதான் முதல் தடங்கல். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் அப்பா இனிஷியல் இருக்கும். ஆதாரில் கணவர் இனிஷியல் ஏறியிருக்கும், அல்லது பெயருக்குப் பின்னால் கணவர் பெயர் முழுசாக ஒட்டிக்கொண்டிருக்கும். வங்கிப் புத்தகத்தில் மூன்றாவது விதமாக ஒன்று. சேர்க்கைப் படிவத்தை இணையத்தில் நிரப்பும்போது ஆதாரும் மார்க் சீட்டும் ஒத்துப்போகாமல் அப்படியே நின்றுவிடும்.

படிப்புக்கு அடிப்படை பத்தாம் வகுப்புச் சான்றிதழ்தான். அதை மாற்றப் போகாதீர்கள், அலைச்சல் தாங்காது. ஆதாரை அதற்கு இணங்க மாற்றிக்கொள்வது எளிது. ஆனால் ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் திருத்தலாம். ஆகவே சேவை மையத்துக்குப் போகும்போது மார்க் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, திரையில் தட்டச்சு செய்ததை எழுத்து எழுத்தாகச் சரிபார்த்த பிறகே ‘சரி’ சொல்லுங்கள். புள்ளி, இடைவெளி, ‘எச்’ விட்டுப்போனது எல்லாமே எழுத்துதான். பின்னால் ஆள் நிற்கிறார்களே என்று கூச்சப்பட வேண்டாம்.

4. அசல் சான்றிதழை லேமினேஷன் செய்யாதீர்கள். பின்பக்கத்தில் முத்திரையோ கையெழுத்தோ போட வேண்டி வந்தால் வழியில்லை. உரித்தால் தாள் கூடவே வந்துவிடும். பிளாஸ்டிக் உறையில் வைப்பதென்றால் நடுவில் ஒரு வெள்ளைத்தாள் கொடுங்கள். இல்லையென்றால் வெயில் காலத்தில் அச்சு மை உறையில் ஒட்டிக்கொள்ளும். ஃபைலுக்குள் நிழலில் காயவைத்த வேப்பிலை நாலு போட்டால் பூச்சி அண்டாது. ஈரம் இருந்தால் மட்டும் கறை படியும், கவனம்.

5. சான்றிதழ் தொலைந்துவிட்டதா? தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்திலேயே தொலைந்த ஆவணத்தைப் பதிவு செய்து ரசீது எடுக்கலாம். அப்புறம் நீங்கள் படித்த பள்ளித் தலைமை ஆசிரியர் வழியாக நகலுக்கு விண்ணப்பிக்க வேண்டும். தேர்வு எண்ணும் வருடமும் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. பழைய போட்டோ ஆல்பங்களைப் புரட்டுங்கள். ஹால் டிக்கெட் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

6. படிப்பில் வரிசை முக்கியம். பத்தாவது, பிளஸ் டூ, அப்புறம் டிகிரி. நடுவில் ஒன்றைத் தாண்டி, வயதைக் காட்டித் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேராக டிகிரி வாங்கினால், அறிவுக்கு நல்லது, அரசு வேலைக்கு உதவாது. 2009-இல் வந்த அரசாணை 107 இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. விஷயம் தெரியாமல் மூன்று வருடம் படித்துவிட்டுப் பிறகு பிளஸ் டூ எழுதியவர்கள் உண்டு. வரிசை தலைகீழானால் அதுவும் செல்லாது.

பத்தாவதையே முடிக்காதவர்களுக்கு எட்டாம் வகுப்பு தனித்தேர்விலிருந்து வழி இருக்கிறது. தேசியத் திறந்தநிலைப் பள்ளியிலும் சேரலாம். அங்கே ஒருமுறை பதிவு செய்தால் ஐந்து வருடம் செல்லும். அதற்குள் ஒன்பது தேர்வு வாய்ப்புகள். ஒரு தடவைக்கு ஒரு பாடமாகக்கூட எழுதலாம். மாமியாருக்கு உடம்பு சரியில்லாத வருடத்தில் ஒரே ஒரு பாடம் எழுதி ஓட்டிவிடலாம் என்பது சின்ன விஷயமில்லை. உங்கள் குறிக்கோள் மாநில அரசு வேலை என்றால் மட்டும், சேரும் முன் அந்த வேலைக்கு இந்தச் சான்றிதழ் ஏற்கப்படுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

7. ‘சமுதாயக் கல்லூரி’ என்று பலகை பார்த்தால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: சான்றிதழில் யார் கையெழுத்து?

இந்த ஏற்பாடு அமெரிக்காவில் 1901-இல் ஜோலியட் என்ற ஊரில் தொடங்கியது. பள்ளி முடித்தவர்கள் ஊரைவிட்டுப் போகாமல் மேலே படிக்கட்டும் என்று ஆரம்பித்தார்கள். பின்னாளில் வேலைக்குப் போகிறவர்களும் தாய்மார்களும் மாலையில் வந்து படிக்கும் இடமாக அந்த வகைக் கல்லூரிகள் வளர்ந்தன. நம் பக்கம் 1995-இல் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் ஒன்றைத் தொடங்கியது. அடுத்த வருடம் சென்னையில் ஒன்று. படிப்பை நிறுத்தியவர்களைக் கைத்தொழிலோடு எழுப்பிவிடுவதுதான் நோக்கம். தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002-இல் வந்த பிறகு பல சமுதாயக் கல்லூரிகளுக்கு அங்கீகாரம் கொடுத்தது. அந்த மாதிரி இடம் என்றால் பட்டயத்தில் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கும். அந்த நிறுவனமே அச்சடித்துக் கொடுக்கும் தாள் என்றால் தொழிலைக் கற்றுக்கொள்ளுங்கள், தாளை நம்பாதீர்கள். போன வருடம் கொடுத்த சான்றிதழ் ஒன்றைக் காட்டச் சொல்லலாம், தப்பில்லை. காட்டத் தயங்கினால் பதில் கிடைத்துவிட்டது.

8. வெளிமாநிலத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் ‘ஸ்டடி சென்டர்’ நம் ஊரில் இருந்தால் விலகி நடங்கள். ஒரு மாநிலப் பல்கலைக்கழகம் தன் எல்லைக்குள்தான் தொலைநிலைப் படிப்பு நடத்தலாம். எந்தப் படிப்புக்கு யு.ஜி.சி. அனுமதி உண்டு என்ற பட்டியல் அதன் தொலைநிலைக் கல்விப் பிரிவின் தளத்தில் இருக்கிறது. 2024 முதல் தொலைநிலையில் சேர ‘டெப் ஐடி’ என்ற எண் கட்டாயம். அதை நீங்களே உங்கள் கைபேசியில் எடுக்க வேண்டும். ‘ஓ.டி.பி. சொல்லுங்க, நாங்க பார்த்துக்கறோம்’ என்பவரிடம் சொல்லாதீர்கள்.

9. கையில் காசில்லை, தொழில் மட்டும் வேண்டும் என்பவர்களுக்கு இரண்டு இடங்கள். ஒன்று, ஊரகச் சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனம். மாவட்டத்துக்கு ஒன்று என்று முன்னோடி வங்கி நடத்துவது. திருச்சிக்கு இந்தியன் ஓவர்சீஸ் வங்கி. பயிற்சி இலவசம், சாப்பாடும் உண்டு. தையல், அழகுக்கலை, கைபேசி பழுது, கறவை மாடு என்று பத்து நாளிலிருந்து நாற்பத்தைந்து நாள் வரை. இந்த யோசனை 1982-இல் கர்நாடகத்தில் தர்மஸ்தலம் பக்கத்து உஜிரேயில் பிறந்தது. முடித்த பிறகு இரண்டு வருடம் உங்களைத் தொடர்ந்து விசாரிப்பது அவர்கள் வழக்கம். வங்கிக் கடனுக்கு அது பெரிய பலம். கேட்கப் போகும்போது ரேஷன் கார்டு நகலையும் எடுத்துப் போங்கள். கிராமப்புறத்துக்காரர் என்பதற்கு ஆதாரம் வேண்டும்.

இன்னொன்று, ஜன் சிக்ஷான் சன்ஸ்தான். பெயர்தான் வாயில் நுழையாது. 15 முதல் 45 வயது; பள்ளிக்கூடம் போகாதவர்களும் சேரலாம். வகுப்பை ஊருக்கே கொண்டுவருவார்கள் என்பதுதான் விசேஷம். உங்கள் மகளிர் குழுவில் ஒரு வகுப்புக்கு ஆள் சேர்ந்தால், குழுத் தலைவி மூலம் கேட்டுப் பாருங்கள்.

10. ஐ.டி.ஐ. என்றால் பையன்களுக்கு என்று ஒரு நினைப்பு. அரசு ஐ.டி.ஐ.யில் ஆண்களுக்கு 40 வரை; பெண்களுக்கு வயது வரம்பே இல்லை. மாத உதவித்தொகை, பஸ் பாஸ், சீருடை, கருவிகள் எல்லாம் உண்டு. நமக்குப் பக்கத்திலேயே புள்ளம்பாடியில் மகளிர் ஐ.டி.ஐ. இருக்கிறது. மகள் கல்லூரிக்குப் போன வீட்டில் அம்மா சும்மா இருக்கத் தேவையில்லை.

11. தட்டச்சு. கம்ப்யூட்டர் வந்து இத்தனை வருடமாகியும் நம் பக்கத்து இன்ஸ்டிடியூட்டுகளில் காலை ஆறு மணி பேட்ச் நிரம்பித்தான் வழிகிறது. ஜூனியருக்கு நிமிடத்துக்கு 30 சொல், சீனியருக்கு 45. நாற்பது வயதில் சேர்ந்தால் பக்கத்தில் பிளஸ் டூ பிள்ளை உட்கார்ந்திருக்கும். நாலு நாளில் அது பழகிவிடும். பழகாதது இடது சுண்டுவிரல். ஆங்கில ‘ஏ’ எழுத்து அந்த விரலுக்கு. பழைய மெஷினில் விரல் அழுத்தம் போதாமல் அந்த எழுத்து மட்டும் மங்கலாக விழும். ஒரு பக்கம் முழுக்க ‘ஏ’ தேய்ந்துபோய் நிற்கும். வீட்டில் டிவி பார்க்கும்போது சோபா கைப்பிடியில் நான்கு விரலையும் ஊன்றி, சுண்டுவிரலை மட்டும் தூக்கித் தூக்கித் தட்டுங்கள். வேடிக்கையாகத் தெரியும், பலன் தெரியும். கண் கீழே போகாமலிருக்க, முதல் மாதத்திலேயே கைமேல் ஒரு கர்ச்சீப்பைப் போட்டுப் பழகுவது பழைய வாத்தியார்களின் வைத்தியம்.

அரசுத் தட்டச்சர் பணிக்கு ஆசைப்படுகிறவர்கள் கம்ப்யூட்டர் ஆஃபீஸ் ஆட்டோமேஷன் தேர்வையும் சேர்த்தே எழுதிவிடுங்கள்.

12. நகை அடகு வைக்காத வீடு நம் தாலுகாவில் குறைவு. திருச்சி கூட்டுறவு மேலாண்மை நிலையத்தில் ‘நகை மதிப்பீடும் அதன் நுட்பங்களும்’ என்று குறுகியகாலப் பயிற்சி நடக்கும். பத்தாவது தேறியிருந்தால் போதும். உரைகல்லில் உரசிப் பார்ப்பது, கல் எடை கழிப்பது, போலியைப் பிடிப்பது எல்லாம் சொல்லிக் கொடுப்பார்கள். வேலைக்குப் போகாவிட்டாலும் கடைக்காரர் முன்னால் நிமிர்ந்து நிற்கலாம். வகுப்புக்குப் போகாதவர்களுக்கும் இரண்டு வரி: 916 என்றால் ஆயிரத்தில் 916 பங்கு தங்கம், அதுதான் 22 காரட். 2023 ஏப்ரலிலிருந்து ஹால்மார்க் நகையில் ஆறு இலக்க எச்.யு.ஐ.டி. இருக்க வேண்டும், எழுத்தும் எண்ணும் கலந்து வரும்.

13. வாழைக்காரர்கள் வீட்டோடு கிளம்பலாம். தோகைமலை சாலையில் இருக்கும் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் 1993-இல் வந்தது. ரகம், நோய் என்பதோடு வாழைமாவு, சிப்ஸ், தொக்கு, நார் என்று மதிப்புக்கூட்டலுக்கும் பயிற்சி தருகிறார்கள். கணவன் ஒரு வகுப்பு, மனைவி ஒரு வகுப்பு என்று போனால் இரண்டு நாள் கழித்து வீட்டில் பேச ஒரு விஷயம் கிடைக்கும். அதுவே பெரிய லாபம். லால்குடியிலிருந்து ஊரைக் குறுக்கே கடக்க வேண்டும். இரண்டு பஸ். காலையிலேயே கிளம்புங்கள்.

14. பஸ் விஷயம். 2021 மே முதல் டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. வெளியூர் பஸ்ஸில் ஏறினால் டிக்கெட் உண்டு. ஆகவே வகுப்பு நேரத்தைக் கேட்கும்போதே டவுன் பஸ் நேரத்தையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சமயபுரம் சித்திரைத் தேர், ஸ்ரீரங்கம் வைகுண்ட ஏகாதசி நாட்களில் நம்பர் ஒன் டோல்கேட் பக்கம் பஸ்ஸை நம்பாதீர்கள். அன்றைக்குத் தேர்வென்றால் ரயில்தான். ஸ்ரீரங்கமோ டவுன் ஸ்டேஷனோ இறங்கிக்கொள்ளலாம். திறந்தநிலைப் பள்ளித் தேர்வு ஏப்ரல்-மே வாக்கில் வருவதால் சித்திரைத் தேரோடு இந்த மோதல் அடிக்கடி நடக்கும்.

15. பாட்டிக்கு. எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர் வீட்டில் இருந்தால் புதிய பாரத எழுத்தறிவுத் திட்ட மையம் எங்கே நடக்கிறது என்று பக்கத்து அரசுப் பள்ளியில் கேளுங்கள். 2022-இல் தொடங்கியது, 15 வயது தாண்டியவர் யாரும் வரலாம். முடிவில் 150 மதிப்பெண்ணுக்கு ஒரு தேர்வு: படிக்க 50, எழுத 50, கணக்கு 50. கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுப்பதோடு நிறுத்திவிடாதீர்கள். பஸ் பலகை, மாத்திரை அட்டையில் தேதி, ரேஷன் ரசீது என்று அவருக்கு வேண்டியதை வாசிக்க வையுங்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பக்கத்துப் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. எழுத்தைவிட சைக்கிள்தான் பலரை வெளியே கொண்டுவந்தது என்று அந்தப் பக்கத்து ஆட்கள் இன்றைக்கும் சொல்வார்கள். தனக்கு உடனே உதவும் ஒன்று கையில் இருந்தால்தான் பெரியவர்கள் மறுநாளும் வருவார்கள்.

16. நாற்பதைத் தாண்டியவர் ‘எனக்கு மண்டையில ஏறல’ என்றால் முதலில் கண்ணைப் பாருங்கள். வெள்ளெழுத்து வந்திருக்கும். ஒரு கண்ணாடி போட்டதும் ஏறாத பாடம் ஏறிவிடும். அரசு மருத்துவமனையில் காட்டிவிட்டுப் பிறகு புத்தகம் வாங்குங்கள்.

17. சமையலறையில் படிக்கிறவர்களுக்கு: குறிப்புகளைப் பழைய கல்யாணப் பத்திரிகையின் வெற்றுப் பக்கத்தில் எழுதி அலமாரிக் கதவில் தொங்கவிடுங்கள். ஜெல் பேனா வேண்டாம், ஆவி பட்டால் பரவும். பென்சிலும் பால் பாயிண்டும் நிற்கும். கேள்வியை ஒரு பக்கம், விடையைப் பின்பக்கம் எழுதுங்கள். புளி ஊறும் நேரத்தில் கேள்வியை மட்டும் பார்த்து விடையை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். பத்து முறை வாசிப்பதைவிட, மூன்று முறை பார்க்காமல் சொல்லிப் பார்ப்பது மனத்தில் தங்கும். பிள்ளையைக் கேள்வி கேட்கச் சொல்லலாம். அம்மாவைச் சோதிப்பதில் அவர்களுக்கு இருக்கும் ஆனந்தமே தனி.

18. தேர்வு வாரத்துக்கு முந்தின ஞாயிறு புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, தொக்கு மூன்றையும் செய்து வைத்துவிடுங்கள். மாவு அரைப்பது வீட்டுக்காரர் பொறுப்பு. இதைப் படிப்பில் சேரும் முன்பே பேசி முடிவு செய்யுங்கள். தேர்வுக்கு முதல் நாள் பேசினால் சண்டைதான்.

19. பாட்டு, வாத்தியம். வயலின் மேதை லால்குடி ஜெயராமனின் ஊர் என்பதால் இந்த ஆசை இங்கே கொஞ்சம் அதிகம். ஸ்ரீரங்கத்தில் அரசு இசைப்பள்ளி இருக்கிறது, ஆனால் 12 முதல் 25 வயதுக்காரர்களுக்கு. 5 முதல் 16 வரை உள்ள பிள்ளைகளுக்கு ஜவகர் சிறுவர் மன்றம். அதற்கு மேற்பட்ட நமக்கு வீட்டில் சொல்லித்தரும் ஆசிரியர்தான் கதி. சீக்கிரம் தேடிப் பிடியுங்கள்.

20. தையலுக்கு எங்கே சான்றிதழ் வாங்குகிறீர்கள் என்பதில் கவனம் வையுங்கள். சமூகநலத் துறையின் இலவசத் தையல் இயந்திரத்துக்கு விண்ணப்பித்தால் அங்கீகாரம் பெற்ற இடத்தின் பயிற்சிச் சான்று கேட்பார்கள். பக்கத்து வீட்டு அக்காவிடம் எவ்வளவு நன்றாகக் கற்றிருந்தாலும் அங்கே கணக்கில் வராது.

21. பயிற்சி முடித்து ஊறுகாயோ சிப்ஸோ விற்கப் போகிறீர்களா? பயிற்சிச் சான்றிதழ் உணவு விற்பனை உரிமம் ஆகாது. ஆண்டு விற்பனை 12 லட்சத்துக்குள் என்றால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்தால் போதும். வருடத்துக்கு 100 ரூபாய். பாக்கெட்டில் அந்த எண்ணும் தயாரித்த தேதியும் இருக்க வேண்டும். தொழிலுக்கு ‘உத்யம்’ பதிவு முற்றிலும் இலவசம். கூகுளில் தேடினால் முதலில் வருகிற தளம் ஆயிரம், இரண்டாயிரம் கேட்கும். பார்க்க அரசுத் தளம் மாதிரியே இருக்கும். முகவரி ‘கவ் டாட் இன்’ என்று முடியவில்லை என்றால் மூடிவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.